அவள், அவளை, அவளுக்கு: ரொமான்ஸ் மொழி அகராதித் தளங்களில் எது தேறும்?

பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், போர்ச்சுகீசு, ருமேனியன் என்று லத்தீனில் பிறந்த மொழிகளில் ஏதாவது ஒன்றைப் படிக்கிறவர்கள் காசு கொடுத்து அகராதி வாங்க வேண்டிய காலம் போய்விட்டது. அந்தந்த நாட்டின் பெரிய அகராதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எல்லாம் ஒரே தரம் இல்லை. அதை அளக்க இங்கே எடுத்துக்கொண்ட அளவுகோல் சின்னது: பெண்பால் பிரதிப்பெயர். 'அவள்' என்ற ஒரு சொல்லைப் பற்றி ஒரு தளம் எவ்வளவு சொல்கிறது, எங்கே கை விடுகிறது என்று பார்த்தாலே அதன் யோக்கியதை தெரிந்துவிடும்.

முதலில் சரக்கு என்ன என்று பார்ப்போம். லத்தீனில் 'அதோ அது' என்று தூரத்தில் இருப்பதைக் காட்டும் சுட்டுச்சொல் 'இல்லே'. அதன் பெண்பால் 'இல்லா'. நம் அவளிலும் அகரச் சுட்டு இருப்பதால் தமிழ் வாசகருக்கு இதில் அதிசயம் எதுவும் இருக்காது. இந்த 'இல்லா'தான் பிரெஞ்சில் 'எல்', ஸ்பானிஷில் 'எய்யா', இத்தாலியனில் 'எல்லா', போர்ச்சுகீசில் 'எலா', ருமேனியனில் 'யா'. (தமிழில் எழுதினால் 'இல்லா', 'எல்லா' என்று வந்து நிற்கும். தற்செயல்தான், உறவு தேட வேண்டாம்.) இதுவரை எந்தத் தளமும் சொல்லிவிடும். சிக்கல் 'அவளை', 'அவளுக்கு' என்ற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அவை 'இல்லா'விலிருந்து வரவில்லை, லத்தீனின் வேறு வேற்றுமை வடிவங்களிலிருந்து வந்தவை. இரண்டாம் வேற்றுமையான 'இல்லாம்' தலை தேய்ந்து பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், கட்டலான் (ஸ்பெயினின் கிழக்குப் பகுதி மொழி) ஆகியவற்றில் 'லா' ஆனது. போர்ச்சுகீசில் லகரமும் உதிர்ந்து வெறும் 'அ'. ருமேனியனில் 'ஓ'. நான்காம் வேற்றுமை 'இல்லீ' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அதிலிருந்து வந்த ஸ்பானிஷ் 'லே', போர்ச்சுகீசு 'ல்யெ', கட்டலான் 'லி' மூன்றும் இன்றும் அவனுக்கும் அவளுக்கும் பொதுவாகவே இருக்கின்றன. ஆகவே எல்லாவற்றுக்கும் 'லத்தீன் இல்லே' என்று ஒரே வரி எழுதிவிட்டு நகரும் அகராதி வேலையை முடிக்கவில்லை. எந்த வேற்றுமை வடிவம் என்று சொல்கிறதா, அதுதான் கேள்வி.

இந்தச் சோதனையில் முதலிடம் பிரெஞ்சு தேசிய ஆய்வு மையத்தின் சொல் வளத் தளத்துக்கு. நான்சி நகரில் இருந்து நடக்கிறது. சுருக்கப் பெயர் சி-என்-ஆர்-டி-எல். 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக அச்சில் வந்த பெரிய பிரெஞ்சு அகராதி முழுவதும் இதில் இருக்கிறது. சொல்லைத் தட்டியதும் மேலே வரிசையாகப் பொத்தான்கள் வரும்: வடிவம், பொருள், சொல்மூலம், இணைச்சொல், எதிர்ச்சொல் என்று. பெரும்பாலானவர்கள் பொருள் பகுதியிலேயே நின்றுவிடுகிறார்கள். பிரதிப்பெயருக்கு நேராகச் சொல்மூலப் பொத்தானுக்குப் போங்கள். பொருள் பகுதி நெருக்கியடித்த பத்திகளாக, சுருக்கக் குறிகள் நிறைந்து கண்ணை உறுத்தும். அங்கே வண்ணம் தீட்டும் வசதி ஒன்று இருக்கிறது. வரையறைக்கு ஒரு நிறம், மேற்கோளுக்கு ஒரு நிறம் என்று தேர்ந்தெடுத்தால் காட்டில் வழி தெரியும்.

பிரெஞ்சு 'எல்'லின் தடயம் 9-ஆம் நூற்றாண்டு வரை போகிறது. சுமார் 880-ல் எழுதப்பட்ட புனித யூலாலியா பாடல்தான் பிரெஞ்சில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய இலக்கியம். மொத்தமே 29 வரி. கையெழுத்துப் பிரதி வலென்சியென் நகர நூலகத்தில் இருக்கிறது. அதன் 3-ஆம், 4-ஆம் வரிகளில் 'அவளை வெல்ல நினைத்தார்கள்', 'அவளைப் பிசாசுக்கு ஊழியம் செய்யவைக்க நினைத்தார்கள்' என்று இரண்டு முறை 'லா' வருகிறது. 5-ஆம் வரி 'எல்' என்றே தொடங்குகிறது: தீய ஆலோசகர்களை அவள் காதில் வாங்கவில்லை. அடுத்தடுத்த மூன்று வரிகளில் 'இல்லாம்', 'இல்லா' இரண்டின் வாரிசுகளும் தத்தம் வேலையைச் செய்வதைப் பார்க்கலாம். இப்படி ஒரு சொல்லை அதன் முதல் பதிவு வரை கொண்டுபோய் விடும் அகராதி இலவசமாகக் கிடைப்பது பெரிய விஷயம்.

பயன்பாட்டிலும் இந்தத் தளம் ஏமாற்றாது, பொறுமை இருந்தால். பிரெஞ்சில் 'அவளுக்கு' என்பது 'லுயி'. இது 'இல்லுயி' என்ற பேச்சு லத்தீன் வடிவம், பிறப்பில் ஆண்பால். பழைய பிரெஞ்சில் அழுத்திச் சொல்வதற்கு 'லி' என்ற தனிப் பெண்பால் வடிவம் இருந்தது. பிறகு அது வழக்கொழிந்து அந்த இடத்தை 'எல்'லே எடுத்துக்கொண்டது. அதனால்தான் 'அவளிடம் பேசுகிறேன்' என்பதற்கு 'லுயி' போடுகிறோம், 'அவளை நினைக்கிறேன்' என்பதற்கு 'ஆ எல்' என்று முன்னிடைச்சொல்லோடு சேர்த்துப் போடுகிறோம். நினைத்தல் என்ற வினையோடு ஆளைக் குறிக்க 'லுயி' சேராது. மாணவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. இன்னொன்று, உயிரெழுத்துக்கு முன்னால் 'லா' சுருங்கி வெறும் 'ல்' ஆகிவிடும், பால் மறைந்துவிடும். 'அவளைப் பார்த்தேன்' என்பதில் பெண்பால் தங்குவது வினையெச்சத்தின் கடைசி 'இ' எழுத்தில் மட்டும், அதுவும் எழுத்தில்தான், காதுக்கு எட்டாது. 'எடுத்தேன்' போன்ற சில வினைகளில்தான் கடைசி மெய் காதில் விழும், 'எடுத்தேன்' என்பதில் அது 'ஸ்ஸ்' போன்ற அதிர்வொலி. 'லுயி' வந்தால் இந்த இயைபே கிடையாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில் பிரெஞ்சுக்காரர்களும் நமக்குச் சளைத்தவர்கள் இல்லை.

குறை என்றால் காலம். அச்சுப் பதிப்பு 1994-ல் முடிந்தது. பால் சாராத புதிய பிரதிப்பெயரான 'இயெல்' போன்றவற்றை இதில் தேடிப் பயன் இல்லை. அதை 2021-ல் தன் இணைய அகராதியில் சேர்த்தது லெ ரொபேர் நிறுவனம், சேர்த்த கையோடு பெரிய சர்ச்சையும் கிளம்பியது. எல்லாம் பிரெஞ்சிலேயே இருக்கிறது என்பதும் தொடக்க நிலை மாணவருக்குத் தடைதான்.

ஸ்பானிஷுக்கு ஸ்பெயினின் அரச மொழிக் கழகத்தின் இரண்டு தளங்கள் இருக்கின்றன. பலருக்கு ஒன்றுதான் தெரியும். 2014-ல் வந்த 23-ஆம் பதிப்பின் அடிப்படையிலான பொது அகராதி சொல்மூலத்தை ஒற்றை வரியில் தலையிலேயே சொல்லிவிடும், அதோடு சரி. விஷயம் முழுவதும் இருப்பது 2005-ல் வெளிவந்த ஐயங்கள் அகராதியில். அதில் 'லாயிஸ்மோ' என்று தேடுங்கள். மத்திய ஸ்பெயினில், மாட்ரிட், வய்யதொலித் பக்கம், 'அவளிடம் சொன்னேன்' என்பதற்கு 'லே' போடாமல் 'லா' போடுவார்கள். அந்தப் பழக்கத்தின் பெயர்தான் அது. காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. 'லே' பால் காட்டாது. பேசுகிறவர்கள் பெண் என்று காட்ட விரும்புகிறார்கள், கைக்கு எட்டிய 'லா'வை எடுத்துக்கொள்கிறார்கள். லத்தீன் விட்டுவைத்த ஓட்டையை அடைக்கும் முயற்சி. கழகம் தன் 1796-ஆம் ஆண்டு இலக்கணத்திலேயே இதைத் தவறு என்று அறுதியிட்டுச் சொல்லிவிட்டது. இருநூறு ஆண்டுக்கு மேலாகியும் வழக்கு ஒழியவில்லை. தேர்வு எழுதுகிறவர்களுக்கு விதி எளிது: 'ஐ' உருபு வந்தால் 'லா', 'கு' உருபு வந்தால் 'லே'. அந்த 'லாயிஸ்மோ' பதிவில் எந்த வட்டாரம், எந்த வினையோடு ஆடுகிறது, ஏன் என்று எடுத்துக்காட்டோடு இருக்கிறது. இலக்கண நூல்களில்கூட இவ்வளவு தெளிவாகக் கிடைப்பது அரிது.

அதே தளத்தில் பார்க்க வேண்டிய இன்னொன்று 'அவளுக்கு அதைக் கொடுத்தேன்' என்னும் அமைப்பு. 'லே', 'லா' இரண்டும் அடுத்தடுத்து வரக்கூடாது, முன்னது 'சே' ஆகிவிடும். பாடப் புத்தகங்கள் ஓசை நயத்துக்காக என்று சொல்லித் தட்டிக்கழிக்கும். உண்மைக் கதை வேறு: லத்தீன் 'இல்லீ இல்லாம்' சேர்ந்து பழைய ஸ்பானிஷில் 'ஜெ லா' ஆனது, அந்த 'ஜெ' பிற்பாடு 'தன்னை' என்று பொருள்படும் 'சே'யோடு ஒலியில் கலந்துவிட்டது. தோற்றத்தில் ஒன்று, பிறப்பில் வேறு.

'நாங்கள்' என்பதற்குக்கூடப் பெண்பால் வைத்திருப்பது ஸ்பானிஷின் தனி அழகு. 'நொசோத்ராஸ்' என்றால் பெண்கள் மட்டுமே உள்ள 'நாங்கள்'. 'நாம்' என்பதோடு 'மற்றவர்கள்' என்ற சொல்லை ஒட்டியதால் வந்த பால் அது. பிரெஞ்சிலும் இத்தாலியனிலும் இந்த வசதி இல்லை. கட்டலானில் அதே ஒட்டு இருந்தும் 'நொசால்த்ரெஸ்' இருபாலுக்கும் பொது.

அடுத்து இத்தாலியனுக்கு ரோமில் உள்ள ட்ரெக்கானி. 1925-ல் தொடங்கிய கலைக்களஞ்சிய நிறுவனம். அகராதி, கலைக்களஞ்சியம், இலக்கணம் மூன்றும் ஒரே தேடலில் கலந்து வரும். முதலில் குழப்பும், அகராதிப் பகுதியை மட்டும் தேர்ந்துகொள்ளுங்கள். பெண்பால் பிரதிப்பெயர்களில் மிகச் சிக்கலானது இத்தாலியன்தான். 'அவள்' என்பதற்கே மூன்று சொல்: 'எல்லா', 'எஸ்ஸா', 'லேய்'. 'எஸ்ஸா' வேறு குடும்பம், 'தானே' என்று பொருள்படும் லத்தீன் 'இப்ஸா'வின் வாரிசு. 'லேய்' நான்காம் வேற்றுமையில் பேச்சு லத்தீன் உண்டாக்கிக்கொண்ட 'இல்லெயி'. அதாவது பிறப்பில் அவள் இல்லை, அவளுக்கு. இன்றோ பேச்சில் எழுவாய் இடத்தையே பிடித்துக்கொண்டது. 'எல்லா' அதிகாரிகளுக்கு எழுதும் கடிதத்தில் ஒண்டிக்கொண்டிருக்கிறது.

மரியாதைப் பன்மை போல, எதிரில் இருப்பவர் ஆணாகவே இருந்தாலும் 'லேய்' என்று அழைப்பது இத்தாலிய மரபு. 'தங்கள் பெருந்தகைமை' போன்ற பெண்பால் பட்டப்பெயர்களைச் சுட்டத் தொடங்கிய வழக்கம் இது. முசோலினி ஆட்சி 1938-ல் இதை அந்நியம், அடிமைப் புத்தி என்று சொல்லி விலக்கி 'நீங்கள்' என்னும் 'வொய்' என்பதைத் திணித்தது. 'லேய்' என்ற பெயரில் வந்துகொண்டிருந்த பெண்கள் பத்திரிகை 'அன்னபெல்லா' என்று பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. பத்திரிகைப் பெயரில் இருந்தது வெறும் 'அவள்'தான், மரியாதைச் சொல்கூட இல்லை. தடை போன பிறகு 'லேய்' பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

ட்ரெக்கானியில் 'லே' என்ற சொல்லைப் பார்க்கும்போது அவசரப்படாதீர்கள். எல், இ என்ற இரண்டெழுத்துக்குள் மூன்று சொல் இருக்கின்றன: பெண்பால் பன்மை அடைச்சொல் (பெயருக்கு முன்னால் வரும் ஆங்கில 'தி' போன்றது), 'அவர்களை' (பெண்கள்), 'அவளுக்கு'. 'லே வேதோ' என்றால் அவர்களைப் பார்க்கிறேன், 'லே பார்லோ' என்றால் அவளிடம் பேசுகிறேன். பக்கத்தில் இருக்கும் வினை எந்த உருபை வாங்கும் என்று தெரிந்தால்தான் பிரிக்க முடியும். இன்னொரு பிரதிப்பெயர் பின்னால் ஒட்டினால் 'லே' தன் பாலை இழந்து ஆண்பால் 'ல்யீ'யோடு கலந்துவிடும். 'அதை அவனுக்கு', 'அதை அவளுக்கு' இரண்டும் ஒரே 'ல்யேலா'தான். இத்தாலியப் பன்மையில் வரும் 'எ' ஈறு லத்தீன் எழுவாய் வடிவத்திலிருந்தா, இரண்டாம் வேற்றுமையிலிருந்தா என்பது அறிஞர்கள் இன்னும் சண்டை போடும் விஷயம். எந்தத் தளமாவது ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லியிருந்தால் அதைக் கொஞ்சம் தள்ளியே வையுங்கள்.

பல அகராதிகளை ஒரே பக்கத்தில் கொட்டும் ருமேனியத் தளம் டெக்ஸ்ஆன்லைன். 2001-ல் தொடங்கிய தன்னார்வலர் முயற்சி. ஒரு சொல்லைத் தட்டினால் பத்துப் பதினைந்து பதிவுகள் வரலாம். பழைய அகராதியும் புதியதும் அடுத்தடுத்து நிற்கும், ஆகவே எந்த ஆண்டுப் பதிப்பு என்று ஒவ்வொன்றின் அடியிலும் பாருங்கள். 'யா'வைத் தேடினால் அவன், அவள் இரண்டும் சேர்ந்த பதிவுக்குப் போகும். ஒரு கண்ணி உண்டு. ருமேனிய 'யா'வை இ, ஏ என்று இரண்டெழுத்தில் எழுதுவார்கள். லத்தீனிலும் அச்சு அசலாக அதே எழுத்தில் 'எயா' என்று ஒரு 'அவள்' இருந்தது. இரண்டும் ஒன்று என்று இணைய விவாதங்களில் அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. தவறு. லத்தீன் 'எயா' வாரிசு இல்லாமல் போய்விட்டது. ருமேனியச் சொல் 'இல்லா'விலிருந்தே வந்தது. நட்சத்திரத்துக்கான லத்தீன் 'ஸ்தெல்லா' ருமேனியனில் 'ஸ்தியா' ஆனதே, அதே ஒலி விதி.

'ஓ' என்ற ஓரெழுத்துச் சொல்தான் அந்தத் தளத்துக்குக் கடுமையான சோதனை. வியப்புச் சொல், 'ஒரு' என்ற பெண்பால் அடைச்சொல், எதிர்காலக் குறி, 'அவளை' எல்லாம் அதே எழுத்து. எண்ணிட்டுப் பிரித்துத் தருகிறார்கள், 'அவளை' என்பதைக் கண்டுபிடிக்கக் கொஞ்சம் உருட்ட வேண்டும். ஆனால் எங்கே வைப்பது என்று அகராதிப் பதிவு கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுக்காது. மற்ற பிரதிப்பெயர்கள் எல்லாம் துணைவினைக்கு முன்னால் ஒட்டும். 'ஓ' மட்டும் முடிந்த காலத்திலும் நிபந்தனை வினையிலும் வினையின் வாலில் தொங்கும். 'அவனைப் பார்த்தேன்' என்பது 'லம் வஸூத்', 'அவளைப் பார்த்தேன்' என்பது 'அம் வஸூதோ'. நிகழ்காலத்தில் 'ஓ' பழையபடி முன்னால் வந்துவிடும். ஓட்டம் பிடித்தான் என்பது போன்ற மரபுத்தொடர்களிலும் யாரையும் சுட்டாத ஒரு 'ஓ' வந்து ஒட்டிக்கொள்ளும். அங்கே 'யார் அந்த அவள்' என்று தேடக்கூடாது.

போர்ச்சுகீசுக்கு ப்ரிபெராம் போதும், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். போர்ச்சுகல் வழக்கா பிரேசில் வழக்கா, 1990 எழுத்து ஒப்பந்தத்துக்கு முன்னா பின்னா என்று தேர்ந்தெடுக்கும் வசதி நன்றாக இருக்கிறது. சொல்மூலம் ஒரு சொல்லோடு முடிந்துவிடும். அவன், அவள் இரண்டுக்கும் முதலெழுத்து ஒன்றுதான், ஆனால் 'எலா'வில் வாயைத் திறந்து சொல்லும் எகரம், 'எலி'யில் குவிந்த எகரம். பெண்பாலின் கடைசி அகரம் முன்னால் இருக்கும் உயிரைத் திறந்துவிட்டதன் விளைவு. 'அவளை' என்ற 'அ' இன்னும் சுவாரசியம். 'வாங்க' என்ற வினையோடு சேரும்போது வினையின் கடைசி ரகரம் போய் 'கொம்ப்ராலா' ஆகும். மற்ற இடங்களில் உதிர்ந்த பழைய லகரம் இதுபோன்ற சேர்க்கைகளில் பிழைத்திருக்கிறது. மூக்கொலியில் முடியும் வினையோடு 'நா' ஆகும். பிரேசில் பேச்சில் இந்தத் தொல்லையே வேண்டாம் என்று 'வி எலா', அதாவது 'பார்த்தேன் அவள்' என்று எழுவாய் வடிவத்தையே போட்டுவிடுவார்கள். எழுத்தில் அது செல்லாது.

கட்டலானுக்கு 10 தொகுதிகளாக வந்து 1962-ல் முடிந்த அல்கொவேர்-மோல் அகராதி இருக்கிறது. ஒரு சொல்லை எந்த ஊரில் எப்படி உச்சரிக்கிறார்கள் என்று ஊர்வாரியாகச் சொல்லும். மயோர்க்கா தீவில் அடைச்சொல் 'லா' இல்லை, 'இப்ஸா'விலிருந்து வந்த 'ஸா' என்பதையும் அங்கே பார்க்கலாம்.

விக்சனரியின் ஆங்கிலப் பதிப்பைக் கடைசியில் சொல்வதற்குக் காரணம், அதை முதலில் திறப்பவர்கள் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். லத்தீன் 'இல்லே' பக்கத்தில் வேற்றுமை அட்டவணையும் வாரிசுகள் பட்டியலும் இருக்கின்றன. பெரிய மொழிகளுக்கு வெளியே போக வேண்டுமென்றால் இதைவிட வசதியான இடம் இல்லை. சிசிலியனில் அவள் 'இட்டா'. எழுத்து இப்படி இருந்தாலும் 'குடம்' என்பதில் வரும் டகரத்தை அழுத்தி இரட்டித்தால் கிடைக்கும் ஒலி அது. ஐரோப்பாவில் நாக்கை மடிக்கும் ஒலி கேட்டால் தமிழர் காது நிமிரத்தான் செய்யும். தென்மேற்கு பிரான்சின் காஸ்கோனில் அதே லகர இரட்டை ரகரமாகி 'எரா'. சார்டீனியனில் 'இஸ்ஸா', அது 'இப்ஸா' வழி. சொல்லுக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால் அது எழுத்தில் கிடைக்காத, ஊகித்து எழுதிய வடிவம். எல், ஏ என்ற பக்கத்தைத் திறந்தால் டஜன் கணக்கில் மொழிகள் கொட்டும். முகவரியின் கடைசியில் ஹாஷ் குறி போட்டு மொழியின் ஆங்கிலப் பெயரைச் சேர்த்துவிடுங்கள், நேராக அங்கே இறங்கலாம். யாரும் திருத்தலாம் என்பதால் சொல்மூலப் பகுதியை மட்டும் அந்தந்த நாட்டு அகராதியோடு ஒரு முறை ஒப்பிட்டுவிடுவது நல்லது.

பன்மையில் ஒரு நான்காம் வேற்றுமைக் கேள்வி எல்லாத் தளங்களையும் சோதிக்க உதவும். பிரெஞ்சு 'லெர்', இத்தாலிய 'லோரோ', ருமேனிய 'லோர்' மூன்றும் 'இல்லோரும்' என்ற லத்தீன் ஆறாம் வேற்றுமைப் பன்மையிலிருந்து வந்தவை. அது ஆண்பால் வடிவம். பெண்பாலான 'இல்லாரும்' எங்கும் பிழைக்கவில்லை, பெண்களுக்கும் ஆண்பால் சொல்லே பொதுவாகிவிட்டது. இதைத் தெளிவாகச் சொல்லும் பதிவு கிடைத்தால் அந்த அகராதியின் மற்றப் பதிவுகளையும் நம்பிப் படிக்கலாம்.

செல்பேசியில் அரச கழகத்தின் பொது அகராதிக்குத் தனிச் செயலி இருக்கிறது, இலவசம். நான்சி தளத்தைப் பொத்தான்களும் வண்ணமும் இருப்பதால் கணினியில் திறப்பதே உத்தமம். ருமேனிய விசைப்பலகை இல்லையே என்று கவலை வேண்டாம், டெக்ஸ்ஆன்லைனில் வால் குறி எதுவும் போடாமல் வெறும் எழுத்தைத் தட்டினாலே சொல் கிடைக்கும்.